வரைபடத்தில் இல்லாத உறுப்புகள்

மின்சாரக் கார் ஒன்று மெதுவாக நகரும்போது ஒரு விந்தை நடக்கிறது. பேட்டரியிலிருந்து வரும் கம்பியில் மீட்டரை வைத்தால் 75 ஆம்ப்ஸ் காட்டும். அதே நேரத்தில் மோட்டாருக்குப் போகும் கம்பியில் வைத்தால் 300 ஆம்ப்ஸ் காட்டும். உள்ளே போனதைப்போல் நான்கு மடங்கு வெளியே வருகிறது. மீட்டரில் கோளாறு இல்லை, இயற்பியல் விதி எதுவும் மீறப்படவும் இல்லை. 96 வோல்ட்டில் 75 ஆம்ப்ஸாக வந்த 7,200 வாட்டை, நடுவில் இருக்கும் ஒரு பெட்டி 24 வோல்ட்டில் 300 ஆம்ப்ஸாக மாற்றித் தருகிறது. அந்தப் பெட்டிதான் மோட்டார் கன்ட்ரோலர்.

பழைய காரின் இன்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டார் பொருத்தி ஓட்டும் ஆர்வலர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் கன்ட்ரோலரையும் தாங்களே செய்துகொள்கிறார்கள். டிசி மோட்டாருக்கான கன்ட்ரோலரின் சர்க்யூட் வரைபடம் ஒரே தாளில் அடங்கிவிடும்: பேட்டரி, கெபாசிட்டர்கள், சில மாஸ்ஃபெட்டுகள், டையோடு, மோட்டார், இவற்றை ஆட்டுவிக்க ஒரு மைக்ரோகன்ட்ரோலர். டிப்ளமோ படிக்கும் மாணவருக்கே புரிந்துவிடக்கூடிய படம்.

அந்தப் படத்தைப் போர்டாக மாற்றும்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. வரைபடத்தில் இரண்டு உறுப்புகளை இணைக்கும் கோட்டுக்கு நீளமில்லை, அகலமில்லை, மின்தடையில்லை. போர்டில் அதே கோடு செம்பாகிவிடுகிறது. செம்புக்கு மின்தடை உண்டு, தன்னைச் சுற்றி ஒரு காந்தப்புலம் உண்டு, பக்கத்துச் செம்போடு உறவும் உண்டு. யாரும் வரையாத, யாரும் காசு கொடுத்து வாங்காத உறுப்புகள் போர்டு முழுக்க வந்து உட்கார்ந்துகொள்கின்றன. சிறிய மின்னோட்டத்தில் அவை இருப்பதே தெரியாது. 300 ஆம்ப்ஸில் கன்ட்ரோலர் பிழைப்பதும் வெடிப்பதும் அவற்றின் கையில்தான் இருக்கிறது.

வெட்டி வெட்டிக் கொடுப்பது

மோட்டாரின் வேகத்தைக் குறைக்கப் பழைய நாளில் எளிய வழி ஒன்று இருந்தது: மின்தடையைத் தொடராகச் சேர்ப்பது. டிராம் வண்டிகளும் அந்தக் கால மின்ரயில்களும் அப்படித்தான் புறப்பட்டன. மேலே சொன்ன காரில் இதைச் செய்தால் மோட்டாருக்கு 24 வோல்ட் போக, மீதி 72 வோல்ட்டை மின்தடை தாங்க வேண்டும். 72 வோல்ட், 300 ஆம்ப்ஸ் என்றால் 21,600 வாட். மோட்டார் செய்யும் வேலையைப்போல் மூன்று மடங்கு, வெறும் சூடாகப் போய்விடும்.

இன்றைய கன்ட்ரோலர் மின்னோட்டத்தைத் தடுப்பதில்லை, வெட்டுகிறது. ஒரு ஸ்விட்ச் முழுதாகத் திறக்கிறது, முழுதாக மூடுகிறது, இடையில் நிற்பதில்லை. விநாடிக்கு 16,000 முறை இப்படி நடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கால் பங்கு நேரம் மட்டும் ஸ்விட்ச் இணைப்பில் இருந்தால், மோட்டாருக்குச் சராசரியாக 96-இல் கால் பங்கான 24 வோல்ட் கிடைக்கிறது. பெரும்பாலான பெரியவர்களின் காதுக்கு எட்டாத உயரத்தில் இந்த வேகம் இருப்பதால் மோட்டாரும் கீச்சிடுவதில்லை.

ஸ்விட்ச் துண்டித்திருக்கும் முக்கால் பங்கு நேரத்தில் மோட்டாருக்கு மின்னோட்டம் எங்கிருந்து வருகிறது? மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், தன் காந்தப்புலத்தில் ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தை அது சட்டென்று நிற்க விடாது. பேட்டரி விலகியதும் அதே 300 ஆம்ப்ஸ் டையோடு வழியாகச் சுற்றிக்கொண்டு மோட்டாருக்குள்ளேயே திரும்ப வருகிறது. ஆக, மோட்டாரில் எப்போதும் 300 ஆம்ப்ஸ் ஓடுகிறது. பேட்டரிப் பக்கத்திலிருந்து அது கால் பங்கு நேரம் மட்டுமே எடுக்கப்படுகிறது. அதன் சராசரிதான் மீட்டர் காட்டிய 75 ஆம்ப்ஸ்.

பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று மீட்டர் கேபிள் இருக்கும். 300, பூஜ்யம், 300, பூஜ்யம் என்று விநாடிக்கு 16,000 முறை துள்ளும் மின்னோட்டம் அந்த நீளத்தில் ஓட முடியாது. அதனால் போர்டிலேயே ஒரு கெபாசிட்டர் கூட்டம் நிற்கிறது. ஸ்விட்ச் இணைப்பில் இருக்கும்போது கேபிள் தரும் 75 ஆம்ப்ஸோடு, மீதி 225 ஆம்ப்ஸைக் கெபாசிட்டர்கள் போட்டுக் கொடுக்கின்றன. ஸ்விட்ச் துண்டித்ததும் கேபிளில் வரும் 75 ஆம்ப்ஸை வாங்கி நிரம்பிக்கொள்கின்றன. இந்தக் கொடுக்கல் வாங்கல் பாதிப் பங்கு நேரத்தில், அதாவது மோட்டாருக்கு 48 வோல்ட் போகும்போது, உச்சத்தைத் தொடும். அப்போது கெபாசிட்டர்கள் தாங்கவேண்டிய ஆர்எம்எஸ் மின்னோட்டம் 150 ஆம்ப்ஸ். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் 10 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அனுபவமுள்ளவர்கள் கெபாசிட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது மைக்ரோஃபாரடைவிட, இப்படி வந்துபோகும் ரிப்பிள் மின்னோட்டத்தை அது எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

வேகத்தின் விலை

ஸ்விட்ச் வேலையைச் செய்வது மாஸ்ஃபெட். பெல் ஆய்வகத்தில் முகமது அட்டாலாவும் டாவோன் காங்கும் 1959-இல் உருவாக்கிய கருவியின் வழித்தோன்றல் இது. இதன் கேட் என்னும் முனைக்கும் மின்னோட்டம் ஓடும் பாதைக்கும் நடுவே கண்ணாடி போன்ற மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது. கேட்டுக்கு 12 வோல்ட் அளவில் கொடுத்தால் அதன் மின்புலம் படலத்தைத் தாண்டிப் போய்ப் பாதையைத் திறக்கும். கேட்டிலிருந்து மின்னூட்டத்தை வெளியே இழுத்தால் பாதை அடைபடும். 20 வோல்ட்டை மீறினால் படலம் துளைபட்டுப் போகலாம்.

உயர் மின்னழுத்தத்தில் மாஸ்ஃபெட் அவ்வளவு சிக்கனமானதல்ல. அங்கே ஐஜிபிடி என்னும் வேறொரு ஸ்விட்ச் கருவி வருகிறது. அதை உருவாக்கியவர் சென்னையில் பிறந்து, ஐஐடி மெட்ராஸில் 1969-இல் பட்டம் பெற்ற பி. ஜெயந்த் பாலிகா. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியபோது மாஸ்ஃபெட்டின் கேட்டையும் பழைய டிரான்சிஸ்டரின் பாதையையும் ஒரே சிலிக்கானில் சேர்த்தார். இன்று உலகின் ரயில்களிலும் கார்களிலும் ஏசிகளிலும் அவருடைய கருவி இருக்கிறது. 2024-இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் இன்னும் பரவலாகத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான்.

நம்முடைய 96 வோல்ட் கன்ட்ரோலருக்கு 150 வோல்ட் தாங்கும் மாஸ்ஃபெட்டுகள் போதும் என்று கொள்வோம். திறந்த நிலையில் ஒவ்வொன்றின் மின்தடையும் சூட்டோடு சேர்த்து 10 மில்லி ஓம் அளவில் இருக்கும். எட்டு மாஸ்ஃபெட்டுகளைப் பக்கவாட்டில் இணைத்தால் 300 ஆம்ப்ஸ் பங்கிடப்பட்டு ஒவ்வொன்றுக்கும் 37.5 ஆம்ப்ஸ் வரும். தொடர்ந்து திறந்தே இருந்தாலும் ஒவ்வொன்றிலும் 14 வாட்தான் சூடாகும். இதுவரை சிக்கல் ஏதுமில்லை.

சிக்கல், திறந்த நிலைக்கும் மூடிய நிலைக்கும் நடுவே உள்ள அந்தச் சின்னக் கணத்தில் இருக்கிறது. மூடும்போது முதலில் மின்னழுத்தம் 96 வரை ஏறுகிறது, அதற்குப் பிறகுதான் மின்னோட்டம் இறங்குகிறது. 96 வோல்ட்டும் 300 ஆம்ப்ஸும் சேர்ந்து நிற்கும் உச்சத்தில் மாஸ்ஃபெட்டுகளுக்குள் எரிவது 28,800 வாட். அந்தக் கணம் 100 நானோ விநாடியில் முடிந்துவிட்டால், விநாடிக்கு 16,000 திறப்பும் மூடலும் சேர்ந்து சராசரியாக 46 வாட் சூடுதான். சோம்பலாக ஒரு மைக்ரோ விநாடி எடுத்துக்கொண்டால் 460 வாட். ஹீட் சிங்க் கையைச் சுடும், பிறகு மாஸ்ஃபெட்டைச் சுடும்.

அப்படியானால் முடிந்த அளவு வேகமாக மூடிவிடலாமே? அங்கேதான் வரைபடத்தில் இல்லாத முதல் உறுப்பு எழுந்து நிற்கிறது.

இரண்டு சென்டிமீட்டர் செம்பு

தோட்டத்து பம்புசெட்டில் தண்ணீர் வேகமாக ஓடும்போது வால்வைப் படாரென்று மூடினால் குழாய் முழுக்க ஒரு அதிர்ச்சி பாய்ந்து இடி போல் சத்தம் கேட்கும். ஓடுகிற தண்ணீருக்கு உள்ள உந்தம் சட்டென்று நிற்க மறுக்கிறது. ஓடுகிற மின்னோட்டமும் அப்படித்தான். மோட்டாரின் பெரிய சுருளுக்கு மட்டும் உரிய குணம் இல்லை இது. எந்தக் கம்பிக்கும், எந்த டிராக்குக்கும் இண்டக்டன்ஸ் உண்டு. சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 10 நானோஹென்றி என்பது வேலை செய்பவர்கள் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு.

கெபாசிட்டரிலிருந்து மாஸ்ஃபெட்டுக்குப் போய் டையோடு வழியாகக் கெபாசிட்டருக்கே திரும்பும் பாதையில் மொத்தம் 20 நானோஹென்றி இருக்கிறது என்று வைப்போம். 300 ஆம்ப்ஸை 100 நானோ விநாடியில் நிறுத்தினால், மின்னோட்டம் நானோ விநாடிக்கு 3 ஆம்ப்ஸ் வீதம் விழுகிறது. 20 நானோஹென்றியை 3-ஆல் பெருக்கினால் 60 வோல்ட். பேட்டரியின் 96 வோல்ட்டின் மேல் இந்த 60-ம் ஏறி நிற்க, மாஸ்ஃபெட்டின் மீது விழுவது 156 வோல்ட். அது தாங்குவதோ 150. முழுச் சார்ஜில் 96 வோல்ட் பேட்டரி 100 வோல்ட்டைத் தாண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம்.

இரண்டு சென்டிமீட்டர் செம்பு, 60 வோல்ட். சர்க்யூட் வரைபடத்தை எத்தனை முறை சரிபார்த்தாலும் இந்த எண் அதில் அகப்படாது. உறுப்புகளைப் போர்டில் எங்கே வைக்கிறோம் என்பதில் மட்டுமே அது இருக்கிறது.

இண்டக்டன்ஸைக் குறைக்கும் வழி அழகானது. ஒரு பாதை சுற்றி வளைக்கும் பரப்பு எவ்வளவோ, அதற்கேற்பத்தான் அதன் காந்தப்புலம் ஆற்றலைத் தேக்குகிறது. போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் மெல்லிய காப்புப் படலம் மட்டும் விட்டு, இரண்டு அகலமான செம்புத் தகடுகளில் ஓடவிட்டால், இரண்டின் காந்தப்புலங்களும் வெளியே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பெரிய இன்வெர்ட்டர்களில் காணப்படும் அடுக்குத் தகட்டு பஸ்பார் இந்தத் தத்துவத்தில் பிறந்தது. போர்டிலும் அதையே செய்யலாம்: மேல் அடுக்கு முழுதும் நேர்முனை, கீழ் அடுக்கு முழுதும் எதிர்முனை, இடையில் ஃபைபர் கண்ணாடி. ஒரே பெரிய கெபாசிட்டரை ஓரத்தில் நிறுத்தாமல் பல சிறிய கெபாசிட்டர்களை மாஸ்ஃபெட் வரிசையை ஒட்டியே நிறுத்தினால், 20 நானோஹென்றி 5-க்கு இறங்கலாம். 60 வோல்ட் எழுச்சி 15 ஆகிவிடும். கூடுதலாக வாங்கிய பொருள் எதுவும் இல்லை. இடம் மாறியது மட்டும்தான்.

சதுரங்களின் கணக்கு

மின்தடைக்கு வருவோம். சாதாரணப் போர்டில் செம்பின் தடிமன் 35 மைக்ரான். ஓர் அவுன்ஸ் செம்பை ஒரு சதுர அடியில் பரப்பினால் வரும் தடிமன் இது. அதனால்தான் இதை ஒரு அவுன்ஸ் செம்பு என்கிறார்கள். இந்தத் தடிமனில் ஒரு சதுரத்தின் எதிரெதிர் பக்கங்களுக்கிடையே மின்தடை ஏறக்குறைய அரை மில்லி ஓம். எவ்வளவு பெரிய சதுரம் என்ற கேள்விக்கே இடமில்லை! ஒரு மில்லிமீட்டர் சதுரத்துக்கும் ஒரு மீட்டர் சதுரத்துக்கும் அதே அரை மில்லி ஓம்தான். நீளம் கூடும் அளவுக்கு அகலமும் கூடுவதால் இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுகின்றன. ஆகவே ஒரு டிராக்கின் மின்தடையைக் கண்டுபிடிக்க அதில் எத்தனை சதுரம் அடங்கும் என்று எண்ணினால் போதும். இந்த எளிமை எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும்.

ஒரு சென்டிமீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் நீளம் என்றால் பத்துச் சதுரம், 5 மில்லி ஓம். அதில் 300 ஆம்ப்ஸ் ஓடினால் சூடு 450 வாட். எட்டு மாஸ்ஃபெட்டுகளும் சேர்ந்து ஏற்படுத்துவதைவிட இது பல மடங்கு. அந்த டிராக் ஒரு விநாடிகூடத் தாங்காமல் உருகிப் போகும்.

அதனால்தான் வீட்டில் கன்ட்ரோலர் செய்பவர்களின் போர்டுகள் கடையில் கிடைக்கும் போர்டுகளைப் போல் வழவழப்பாக இருப்பதில்லை. பெரிய மின்னோட்டம் ஓடும் இடங்களில் பச்சைப் பூச்சு விலக்கப்பட்டு, அந்த வெறும் செம்பின்மேல் தடித்த செம்புக் கம்பிகளோ பட்டைகளோ வைத்து ஈயம் பாய்ச்சப்பட்டிருக்கும். ஈயக் கலவையின் மின்கடத்தல் செம்பைவிடப் பல மடங்கு குறைவு. வெறும் ஈயத்தை மேடாக ஏற்றுவதால் பெரிய பலன் இல்லை. வேலை செய்வது உள்ளே இருக்கும் செம்புப் பட்டைதான். இன்னும் பெரிய கன்ட்ரோலர்களில் முக்கிய மின்னோட்டம் போர்டைத் தொடுவதே இல்லை. போல்ட் போட்டு முடுக்கிய செம்புத் தகடுகள் அதைச் சுமக்கின்றன, போர்டு கட்டளைகளை மட்டும் சுமக்கிறது.

திரும்பும் வழி

வரைபடத்தில் தரை என்பதற்கு ஒரு சின்னக் குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். எங்கெல்லாம் அந்தக் குறி இருக்கிறதோ அங்கெல்லாம் பூஜ்ய வோல்ட் என்று பொருள். போர்டில் அது உண்மையில்லை. போன மின்னோட்டம் எல்லாம் திரும்பி வந்தாக வேண்டும். அது எந்த வழியில் திரும்புகிறது என்பதில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது.

மேல் அடுக்கில் வளைந்து வளைந்து போகும் ஒரு டிராக், கீழ் அடுக்கில் முழுக்கச் செம்புத் தளம். நேர் மின்னோட்டம் திரும்பும்போது அந்தத் தளத்தில் மின்தடை குறைந்த நேர்வழியில் பரவி வரும். அதிர்வெண் உயர உயர அது வழியை மாற்றிக்கொள்ளும். மேலே டிராக் எங்கெல்லாம் வளைகிறதோ, கீழேயும் அதற்கு நேர் அடியில் அதே வளைவுகளைப் பின்பற்றித் திரும்பும். யாரும் அங்கே கோடு போடவில்லை. சுற்றிவளைக்கும் பரப்பு குறைந்த வழியே இண்டக்டன்ஸ் குறைந்த வழி என்பதால் மின்னோட்டம் தானே அதைத் தேர்ந்துகொள்கிறது. அந்தத் தளத்தின் நடுவே, வேறு ஏதோ ஒரு டிராக்குக்கு இடம்விட ஒரு நீளமான வெட்டுப் போட்டுவிட்டால், திரும்பும் மின்னோட்டம் வெட்டைச் சுற்றிக்கொண்டு வர நேர்ந்து, அந்தச் சுற்று ஓர் ஆன்டெனாவாகிவிடும். மைக்ரோகன்ட்ரோலர் காரணமில்லாமல் ரீசெட் ஆவதற்கும், ஆக்சிலரேட்டர் அளவு தானாகத் துள்ளுவதற்கும் இப்படிப்பட்ட வெட்டுகள் காரணமாவதுண்டு.

இதைவிட நுட்பமான இடம் மாஸ்ஃபெட்டின் காலடி. கேட்டை இயக்கும் டிரைவர் சிப், கேட்டுக்கும், மின்னோட்டம் வெளியேறும் சோர்ஸ் முனைக்கும் நடுவில் 12 வோல்ட் கொடுக்க வேண்டும். அதே சோர்ஸ் வழியாகத்தான் பெரிய மின்னோட்டமும் போகிறது. டிரைவரின் திரும்பும் கம்பியும் 300 ஆம்ப்ஸும் ஒரே ஒரு சென்டிமீட்டர் செம்பைப் பகிர்ந்துகொண்டால், மின்னோட்டம் நானோ விநாடிக்கு 3 ஆம்ப்ஸ் வீதம் விழும்போது அங்கே கணக்குப்படி 30 வோல்ட் எழ வேண்டும். அது டிரைவரின் கட்டளைக்கு எதிராக நிற்கும். மூடு என்று டிரைவர் இழுக்க, மூடாதே என்று அந்தச் செம்பு பிடித்துவைக்கும். ஸ்விட்ச் தயங்கும், சூடு ஏறும், கேட்டில் அதிர்வு எழும். தீர்வு எளியது: டிரைவரின் திரும்பும் கம்பியைத் தனியாக, சோர்ஸ் காலின் அடியிலிருந்தே எடுக்க வேண்டும். பெரிய மின்னோட்டத்தின் பாதையில் ஒரு மில்லிமீட்டர்கூடப் பங்கு கேட்கக் கூடாது. கெல்வின் இணைப்பு என்று இதற்குப் பெயர்.

எட்டு மாஸ்ஃபெட்டுகளைச் சேர்த்து இயக்குவதிலும் இதே அக்கறை தேவை. சிலிக்கானின் ஒரு நல்ல குணம் இங்கே நமக்குத் துணை. மாஸ்ஃபெட் சூடானால் அதன் மின்தடை கூடும். ஒன்று அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடானால், மின்தடை உயர்ந்து, பங்கு தானாகவே மற்றவற்றுக்குப் போய்விடும். ஆனால் இந்த நல்ல குணம் திறந்திருக்கும் நேரத்துக்கு மட்டும்தான். மூடும் அந்த 100 நானோ விநாடியில், எந்த மாஸ்ஃபெட் கடைசியாக மூடுகிறதோ அதன் தலையில் மொத்தச் சுமையும் விழும். ஆகவே டிரைவரிலிருந்து எட்டு கேட்டுகளுக்கும் போகும் டிராக்குகள் ஒரே நீளம் இருக்கும்படி வரைகிறார்கள், ஒவ்வொரு கேட்டுக்கும் தனியாகச் சில ஓம் ரெசிஸ்டரும் வைக்கிறார்கள். நல்ல கன்ட்ரோலர் போர்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் சமச்சீர் கண்ணில் படும். அது அலங்காரத்துக்காக வந்த சமச்சீர் இல்லை.

போர்டின் பூர்வீகம்

இத்தனை நுணுக்கத்தையும் ஏந்தி நிற்கும் அச்சிட்ட போர்டுக்கு வியன்னாவோடு ஒரு விசித்திரமான பந்தம். வியன்னாவில் 1907-இல் பிறந்த பால் ஐஸ்லர், யூதர் என்பதால் அங்கே வாழ வழியில்லாமல் 1936-இல் லண்டனுக்குப் போனார். செம்புத் தகட்டை அரித்துக் கம்பிகளாக்கும் யோசனையை அங்கே வளர்த்து ரேடியோப் பெட்டி செய்து காட்டினார். 1924-இல் அதே வியன்னாவில் பிறந்த ஜோசப் கெர்பரும் நாஜிகளிடமிருந்து தப்பி 1940-இல் அமெரிக்கா சேர்ந்தார். அவர் உருவாக்கிய நிறுவனத்தின் ஒளிவரைவிகளுக்காகப் பிறந்த கோப்பு வடிவம்தான் இன்றும் உலகின் எந்த மூலையிலுள்ள போர்டு தொழிற்சாலைக்கும் நாம் அனுப்பும் கெர்பர் ஃபைல். விரட்டப்பட்ட இருவரின் வேலை, உலகம் முழுவதற்கும் பொதுவாகிவிட்டது.

கோப்பை உருவாக்கும் மென்பொருளும் இன்று பொதுச் சொத்து. பிரான்ஸின் கிரனோபிளில் ஜான்-பியர் ஷரா என்னும் ஆசிரியர் 1992-இல் தொடங்கிய கிகாட், பின்னாளில் செர்ன் ஆய்வகத்தின் ஆதரவும் பெற்று, இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு காலத்தில் வீட்டில் போர்டு செய்ய வேண்டுமென்றால் லேசர் பிரிண்ட்டை இஸ்திரிப் பெட்டியால் செம்பில் ஒட்டி, ஃபெரிக் குளோரைடு கரைசலில் அரிக்க வேண்டியிருந்தது. இப்போது கெர்பர் ஃபைலை அனுப்பினால், துளைகளுக்குள் செம்பு பூசிய இரட்டை அடுக்குப் போர்டு தபாலில் வந்துவிடுகிறது. 144 வோல்ட், 500 ஆம்ப்ஸ் அளவுக்கு வடிவமைக்கப்பட்ட ஓப்பன் ரிவோல்ட், சுவீடனின் பெஞ்சமின் வெடர் சிறிய வண்டிகளுக்காகச் செய்த வெஸ்க் போன்ற வடிவமைப்புகள் வரைபடத்தோடும் போர்டுக் கோப்போடும் திறந்து வைக்கப்பட்டதால், ஒருவர் கற்றது மற்றவருக்கு அப்படியே போய்ச் சேர்ந்தது.

தனி ஒருவரின் போர்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அலன் கோக்கோனி சாட்சி. ஜெனரல் மோட்டார்ஸ் 1990-இல் லாஸ் ஏஞ்சலஸில் காட்சிக்கு வைத்த இம்பாக்ட் மின்சாரக் காருக்கு இன்வெர்ட்டரை வடிவமைத்தவர் அவர். 1992-இல் நண்பர்களோடு ஏசி புரொபல்ஷன் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே பிறந்த டிஸீரோ காரைப் பார்த்த ஊக்கத்தில்தான் டெஸ்லாவின் முதல் கார் பிறந்தது.

அலைக்காட்டியில் ஒரு நொடி

போர்டு வந்து, உறுப்புகள் பொருத்தியாயிற்று. நேராகப் பேட்டரியோடு இணைப்பவர்கள் அரிது. முதல் முறை ஒரு பழைய குண்டு பல்பைத் தொடராக வைத்து மின்சாரம் கொடுப்பார்கள். குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் மின்தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எல்லாம் சரியாக இருந்தால் கெபாசிட்டர் நிரம்பும்வரை பல்பு ஒரு மினுக்கு மினுக்கி அணையும். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு நின்று எரியும், இழை சூடாகி மின்தடை தானே உயர்ந்து மின்னோட்டத்தைக் கட்டிப்போடும். மாஸ்ஃபெட் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்தது இரட்டைத் துடிப்புச் சோதனை. மோட்டார் இருக்கவேண்டிய இடத்தில் 50 மைக்ரோஹென்றி சுருள் ஒன்றை இணைத்து, மாஸ்ஃபெட்டை ஒரே ஒரு முறை திறந்தால், 96 வோல்ட்டில் மின்னோட்டம் சீராக ஏறி ஏறக்குறைய 156 மைக்ரோ விநாடியில் 300 ஆம்ப்ஸைத் தொடும். அந்தக் கணத்தில் மூடி, சற்று விட்டு மீண்டும் ஒரு சிறு துடிப்பு கொடுக்கிறார்கள். முதல் துடிப்பின் முடிவில் மூடும் விதத்தையும், இரண்டாவதன் தொடக்கத்தில் திறக்கும் விதத்தையும் பார்த்துக்கொள்ளலாம். எல்லாமே ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் முடிந்துவிடுவதால் எதுவும் சூடாவதற்கு நேரமில்லை. முழு மின்னோட்டத்தின் குணத்தையும், காரில் ஏற்றாமலே, மேசையில் வைத்துப் பார்த்துவிடலாம்.

அலைக்காட்டியின் திரையில் அந்த மூடும் கணத்தை விரித்துப் பாருங்கள். கோடு தரையிலிருந்து செங்குத்தாக எழுகிறது, 96-ஐத் தாண்டிக் கூர்மையாக ஒரு முனை தொடுகிறது, பின் இறங்கி, ஏறி, இறங்கி, ஒவ்வொரு முறையும் சிறுத்துக்கொண்டே வந்து 96-இல் அடங்குகிறது. அந்த நடுக்கத்தின் அதிர்வெண்ணைப் படிக்க வேண்டும். 12 அல்லது 13 மெகாஹெர்ட்ஸ் என்றால், எட்டு மாஸ்ஃபெட்டுகளின் வெளிமுனைக் கெபாசிட்டன்ஸ் மொத்தம் 8 நானோஃபாரட் என்ற விவரத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் 20 நானோஹென்றி என்று விடை வரும். யாரும் வரையாத, யாரும் வாங்காத அந்த உறுப்பு, தன் அளவைத் தானே எழுதிக் காட்டிவிட்டது. இதை அளப்பதற்கும் ஒரு நெறி உண்டு. புரோபோடு வரும் நீளமான தரைக் கம்பியே ஒரு சுற்றாகிக் காந்தப்புலத்தை வாங்கி, இல்லாத எழுச்சியைத் திரையில் காட்டும். அதைக் கழற்றிவிட்டு, புரோபின் நுனியிலேயே ஒரு சின்ன ஸ்பிரிங்கைச் சுற்றி, மாஸ்ஃபெட்டின் காலைத் தொட்டு அளப்பார்கள். அளக்கும் கம்பியும் சர்க்யூட்டின் ஓர் உறுப்புதான்.

பழுதாவதற்கும் திட்டம்

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மாஸ்ஃபெட் பழுதானால் பெரும்பாலும் அது துண்டிக்கப்படுவதில்லை, ஷார்ட் ஆகிவிடுகிறது. டிசி மோட்டார் வண்டியில் அதன் பொருள், பேட்டரியின் முழு 96 வோல்ட்டும் மோட்டாருக்குப் போகும் என்பது. காலை எடுத்தாலும் வண்டி நிற்காது, சீறிப் பாயும். மூன்று கட்ட ஏசி மோட்டாரில் இந்த ஆபத்து இல்லை. சுழலும் காந்தப்புலம் இருந்தால்தான் அது ஓடும், ஒட்டிக்கொண்ட ஸ்விட்ச் புலத்தைச் சுழற்ற முடியாது.

ஆகவே டிசி கன்ட்ரோலரை வடிவமைப்பவர், போர்டு செத்த பிறகும் வண்டியை நிறுத்தும் வழியைப் போர்டுக்கு வெளியே வைக்கிறார். பேட்டரிப் பாதையில் ஒரு கான்டாக்டர், ஓட்டுநரின் கைக்கு எட்டும் அவசர ஸ்விட்ச், டிசி மின்னழுத்தத்துக்கென்றே செய்த ஃபியூஸ். கான்டாக்டர் இணையுமுன் ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கெபாசிட்டர்களை மெல்ல நிரப்ப வேண்டும். வெறும் கெபாசிட்டரில் நேராக இணைத்தால் தீப்பொறி பறந்து கான்டாக்டரின் முனைகள் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். அவசரத்துக்குத் துண்டிக்காது. போர்டிலும் பேட்டரிப் பக்கமும் 12 வோல்ட் பக்கமும் தனித்தனித் தீவுகள். ஒளியாலோ சிறு டிரான்ஸ்ஃபார்மராலோ மட்டும் அவை பேசிக்கொள்ளும். நடுவில் சில மில்லிமீட்டர் செம்பில்லாத இடைவெளி. சுத்தமான காற்று ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3,000 வோல்ட் தாங்கும் என்றாலும், புழுதியும் ஈரமும் படிந்த போர்டின் மேற்பரப்பு அதில் ஒரு சிறு பங்கைக்கூடத் தாங்காது. வண்டியின் அடியில் தொங்கும் பெட்டிக்குள் இரண்டும் வந்துசேரும்.

இந்த வேலையில் இறங்க விரும்பும் இளைஞர்கள் 48 வோல்ட், 50 ஆம்ப்ஸ் அளவில் தொடங்குவதே நல்லது. 60 வோல்ட்டுக்குக் கீழே டிசி மின்சாரம் உடலுக்குச் செய்யும் ஆபத்து குறைவு. பேட்டரி ஷார்ட்டானால் எழும் தீயும் உருகும் உலோகமும் அங்கேயும் உண்டு, ஆகவே மோதிரத்தையும் கைச்சங்கிலியையும் கழற்றிவிட்டுத்தான் வேலை. மின்னோட்டம் ஆறில் ஒரு பங்கு என்பதால் எழுச்சிகளும் ஆறில் ஒரு பங்காகும், போர்டின் சிறு குறைகளை மாஸ்ஃபெட் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அலைக்காட்டியில் அவை எல்லாம் அப்படியே தெரியும். அந்தச் சிறிய நடுக்கத்தை அளந்து, இண்டக்டன்ஸைக் கணக்கிட்டு, கெபாசிட்டரை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தி வரைந்த அடுத்த போர்டில் அது குறைந்திருப்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட்ட மாணவருக்கு, மின்காந்தவியல் பாடம் தேர்வோடு மறந்துபோகாது. நம் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் இந்தச் சோதனை ஒன்றையாவது ஒவ்வொரு மாணவரும் செய்து பார்க்கும்படி வைக்க வேண்டும். அதற்குத் தேவையான மென்பொருள் இலவசம், வடிவமைப்புகள் திறந்தே கிடக்கின்றன, மாஸ்ஃபெட் சென்னை ரிட்சி தெருவில் கிடைக்கிறது.